ருவாத்தா போவானா, இருப்பானா?

கடலூர் சிப்காட்டில் ஒரு ரசாயனக் கம்பெனியின் எடைமேடையில் கலைமணிக்கு வேலை. லாரி மேடைமேல் ஏறி நிற்கும். கம்ப்யூட்டரில் எடை விழும். சீட்டு அடித்து ஜன்னல் வழியாக நீட்டுவார். டிரைவரின் கை மட்டும் உள்ளே வந்து அதை வாங்கிக்கொண்டு போகும். மோதிரம் போட்ட கை, பச்சை குத்திய கை, கிரீஸ் படிந்த கை என்று நாள் முழுக்க அவர் பார்ப்பது கைகளைத்தான். முகம் மேலே, லாரி கேபினில் இருக்கும். குஜராத்திலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் வருகிற வண்டிகள். இறங்கி நின்று பேசவும் அவர்களுக்கு நேரமில்லை, பேசினாலும் இவருக்குப் புரியாது.

முன்பெல்லாம் அது ஒரு குறையாகத் தெரிந்ததில்லை. சாயங்காலம் முதுநகர் வீட்டுக்குப் போனால் புஷ்பவள்ளி இருப்பாள். சட்டையைக் கழற்றுவதற்குள் பேச ஆரம்பித்துவிடுவார். எந்த லாரி மேடையில் கோணலாக நின்றது, சூப்பர்வைசர் யாரைத் திட்டினான், ஆலப்பாக்கம் பக்கம் மழையா என்று எல்லாம். அவள் கேட்டாளா என்பது வேறு விஷயம். அரிசி களைந்துகொண்டே "ம்" என்பாள். அந்த "ம்" போதும் அவருக்கு.

மகள் வினோதினிக்கு ஓசூரில் வேலை, மருமகனுக்கும் அங்கேயே. பிள்ளை பிறந்ததும் புஷ்பவள்ளி துணைக்குப் போனாள். குழந்தைக்குத் தலை நிற்கிற வரைக்கும் என்றுதான் பேச்சு. தலை நின்றது. அப்புறம் தவழ்கிற வரைக்கும் என்றானது. தவழ ஆரம்பித்தால் கண்ணை எடுக்க முடியாதே, நடக்கட்டும் என்றார்கள். இப்போது பேரன் நடக்கிறான், ஓடுகிறான், டிவி ரிமோட்டைத் தூக்கிப் பக்கெட்டில் போடுகிறான். புஷ்பவள்ளி அங்கேயேதான் இருக்கிறாள். இருவருக்கும் சண்டை இல்லை, மனத்தாங்கல்கூட இல்லை. யாரும் முடிவெடுக்காமலேயே அப்படி ஆகிவிட்டது. தினம் போனில் பேசுவார்கள். பேச்சு ஓர் இடத்துக்கு வரும்போது குழந்தை அழும். "இருங்க, அப்பறம் கூப்புடறேன்" என்று வைத்துவிடுவாள்.

அந்தத் தனிமையில்தான் அவருக்கு ஃபுட்பால் திரும்பி வந்தது. வாலிபத்தில் மஞ்சக்குப்பம் மைதானத்தில் முதுநகர் டீமுக்குக் கோலுக்கு முன்னால் ஸ்டாப்பராக நின்றவர். பெரிய ஆட்டக்காரர் என்று சொல்ல முடியாது. பந்தை விட்டாலும் ஆளை விடமாட்டார் என்பார்கள். கல்யாணத்தோடு அதெல்லாம் போயிற்று. வீடு காலியானபின் ஒரு நாள் டிவியைத் திருப்பிக்கொண்டிருந்தபோது சென்னையின் கிழக்குக்கரை எஃப்.சி. ஆடிக்கொண்டிருந்தது. பின்னால் நடுவில் ஒருவன் நின்றான். மிசோரம் பையன், கட்டையான உருவம், கழுத்தே இல்லாத மாதிரி தோள். எதிராளி அடித்த பந்தை முகத்தில் வாங்கி விழுந்தான். மூக்கில் ரத்தம். எழுந்தான். பஞ்சைத் திணித்துக்கொண்டு மறுபடி வந்து அதே இடத்தில் நின்றான். பெயர் ருவாத்தா. "அடப்பாவி" என்றார் கலைமணி, வாய்விட்டு. வீட்டில் வேறு யாரும் இல்லை.

அன்றிலிருந்து ஒரு ஆட்டம் விடவில்லை. கடலூர் மாவட்ட ரசிகர்களுக்கென்று ஒரு வாட்ஸப் குரூப் இருப்பது தெரிந்து, அதிலும் சேர்ந்தார். நடத்துகிறவன் சிலம்பரசன், சிதம்பரத்தில் செல்போன் கடை வைத்திருப்பவன். நெய்வேலி, பண்ருட்டி, சிதம்பரம் என்று எல்லாப் பக்கத்துப் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். கலைமணிக்கு எழுத்து வராது. கட்டைவிரல் ஒரு எழுத்தைத் தொட்டால் மூன்று எழுத்து விழும். அதனால் மைக்கை அழுத்திப் பேசிவிடுவார்.

"தம்பிங்களா, நல்லா இருக்கீங்களா? நான் கலைமணி பேசறேன், முதுநகர்லேந்து" என்றுதான் எல்லா வாய்ஸ் மெசேஜும் தொடங்கும். ஆட்டத்தில் ஆரம்பிக்கும் பேச்சு எங்கெங்கோ போகும். "அந்த கார்னர்ல ருவாத்தா ஒரு அடி முன்னாடி நின்னிருக்கணும். இங்க வேற காலைலேந்து கரண்ட் இல்ல தம்பிங்களா, மோட்டார் போடல. மீனு சங்கராதான் கெடச்சுது. ஒரு ஆளுக்கு என்னாத்த கொழம்பு வைக்கறது, சொல்லுங்க? வூட்டுக்காரி ஓசூர்ல இருக்கறா. சரி, ருவாத்தாவுக்கு வருவோம்."

குரூப்பில் யாரும் அவரைப் பார்த்ததில்லை. படம் இருக்க வேண்டிய இடத்தில் ருவாத்தாவின் படத்தைத்தான் வைத்திருந்தார்.

பங்குனி வெயில் ஏறுகிற சமயத்தில் அந்தச் செய்தி வந்தது. ருவாத்தாவின் கான்ட்ராக்ட் சீசனோடு முடிகிறது. அவன் மூன்று வருஷம் கேட்கிறான், கிளப் ஒரு வருஷம்தான் தருவேன் என்கிறது. கொல்கத்தாவில் ஒரு கிளப் மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துப் போடத் தயாராக நிற்கிறதாம். குரூப் இரண்டாகப் பிளந்துவிட்டது.

பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி பண்ணுகிற ரேகா எழுதினாள்: "முப்பது வயசு ஆவப்போற டிஃபெண்டர். இதுதான் அவனுக்குக் கடைசி நல்ல கான்ட்ராக்ட். ஒரு வருஷத்துக்கு யாரு கையெழுத்து போடுவா? போனா தப்பே இல்ல."

காடாம்புலியூர் ராஜ்கமல் விடுவானா? "கேப்டன் பட்டையைக் கட்டிக்கினு ஏரியா பையன் மாதிரி பேசினாரு இல்ல? இப்ப கொல்கத்தான்னதும் பல்ல இளிக்கறாரு. போவட்டும் மச்சான். முட்டி போன மாட்ட எவன் வாங்கனா நமக்கென்னா?"

பதிலுக்குப் பதில், ஏச்சுக்கு ஏச்சு. சிலம்பரசன் நடுவில் வந்து, கெட்ட வார்த்தை எழுதுகிறவனைத் தூக்கிவிடுவேன் என்று மிரட்டினான். காலையில் எழுந்து பார்த்தால் படித்து முடிக்க முடியாத அளவுக்கு வந்து குவிந்திருக்கும்.

கலைமணிக்கு அது திருவிழாக் காலம் மாதிரி. லாரிக்கும் லாரிக்கும் நடுவில் பேசினார், பஸ்ஸில் பேசினார், துணி உலர்த்திக்கொண்டே பேசினார். ருவாத்தா போகமாட்டான் என்பது அவர் கட்சி. காரணம் கேட்டால் ஒவ்வொரு தடவையும் ஒன்று சொல்வார். போன வருஷம் ஒரு பேட்டியில் தயிர்சாதம் பிடிக்கும் என்று சொன்னானாம், அதை ஒரு நாள் காரணமாகச் சொன்னார். இன்னொரு நாள், கொல்கத்தாவில் மழை ஜாஸ்தி, அவன் முட்டிக்கு ஆகாது என்றார். எல்லாம் முடிந்து, "போவ மாட்டான் தம்பிங்களா. எனக்குத் தெரியும். சரி, வச்சுடட்டா?" என்பார்.

அவர் பேசியதும் யாராவது ஒரு பழைய ரேடியோப் பெட்டியின் படத்தைப் போடுவார்கள். கீழே இன்னும் நாலு பேர் அதே படம். அவருக்கு மனம் குளிர்ந்துபோகும்.

"நான் பேசனா ரேடியோ படம் போடறாங்க வள்ளி" என்று ஓசூருக்குப் போன் போட்டுச் சொன்னார். "ரேடியோல பேசற மாதிரி இருக்குதாம் என் குரலு."

"அப்பிடியா, நல்லாத்தான் இருக்கும்" என்றாள் புஷ்பவள்ளி. "டேய், அத வாயில வைக்காத! இருங்க, அப்பறம் கூப்புடறேன்."

சீசனின் கடைசி ஆட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கு. அதை எல்லாரும் ஒன்றாகப் பார்ப்போம் என்று சிலம்பரசன் ஏற்பாடு செய்தான். சிதம்பரம் கீழவீதியில் ஒரு மெஸ்ஸின் மாடி, பெரிய திரை, டீயும் சமோசாவும். வருகிறவர்களைக் குரூப்பில் கட்டைவிரல் படம் போடச் சொன்னான். கலைமணி கட்டைவிரலைத் தொட்டார். அது எதிலோ பட்டு ஒரு மாம்பழப் படம் போயிற்று. யாரும் கண்டுகொள்ளவில்லை.

அன்று காலையிலேயே முகம் மழித்துக்கொண்டார். திருவந்திபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போட்ட சட்டையை எடுத்து இஸ்திரி போட்டார். வெறும் கையோடு போவதா என்று திருப்பாப்புலியூரில் மிக்சர் இரண்டு பாக்கெட் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு சிதம்பரம் பஸ் ஏறினார். வழியெல்லாம், நேரில் பார்த்ததும் முதலில் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டு வந்தார். தன் கம்பெனி மதில் தாண்டிப் போயிற்று. புதுச்சத்திரத்தில் ஒரு குடும்பமே ஏறியது. பக்கத்தில் உட்கார்ந்த ஆளிடம், "நம்ம பசங்கள பார்க்கப் போறேன்" என்றார். அந்த ஆள் "காலேஜ்ல படிக்கறாங்களா?" என்று கேட்டான். "ம்… அந்த மாதிரிதான்" என்றார்.

மிகவும் முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். மாடியில் யாரும் இல்லை. சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலிகள் அடுக்கியிருந்தன. சும்மா நிற்பானேன் என்று ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாகப் போட்டார். மிக்சரை ஓரத்து மேசைமேல் வைத்தார். மூன்றாவது வரிசை போட்டுக்கொண்டிருக்கும்போது தடதடவென்று பிள்ளைகள் ஏறி வந்தார்கள்.

முன்னால் வந்தவன் சிலம்பரசன்தான். குரூப்பில் அவன் படம் உண்டு. கலைமணி சிரித்துக்கொண்டே முகத்தை நிமிர்த்தினார். யோசித்து வைத்ததைச் சொல்வதற்குள் அவன் முந்திக்கொண்டான்.

"அண்ணா, அந்த நடு ஃபேன் ஓடலையே. கொஞ்சம் பாருங்க" என்றான் சிலம்பரசன்.

மெஸ் ஆள் என்று நினைத்துவிட்டான். அந்த நொடியிலேயே 'நான் கலைமணி' என்று சொல்லியிருந்தால் சரியாகப் போயிருக்கும். அவர் என்ன செய்தார், சுவிட்ச் பலகையைத் தேடிப் போனார். எந்த சுவிட்ச் என்று தெரியாமல் எல்லாவற்றையும் தட்டினார். ஃபேன் ஓடியது. "தேங்க்ஸ்ணா" என்றான் அவன். அதற்குப் பிறகு சொல்வது கஷ்டமாகிவிட்டது. ஒருவன் வந்து இன்னும் நாலு நாற்காலி கேட்டான். எடுத்துக்கொடுத்தார். தண்ணீர்க் கேன் எங்கே என்று ஒருத்தி கேட்டாள். குரூப்பில் பார்த்த படத்தை வைத்து ரேகா என்று தெரிந்தது. கை காட்டினார். கடைசியில் பின்வரிசைக்கும் பின்னால், ஜன்னலை ஒட்டி ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். ஆட்டம் தொடங்கட்டும், சந்தடியில் மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார்.

ஆட்டம் தொடங்க நேரமிருந்தது. "டேய் ராஜ்கமல், ரேடியோ போடுடா!" என்று யாரோ கத்தினார்கள். எல்லாரும் கைதட்டினார்கள்.

மெலிந்த ஒரு பையன் எழுந்து முன்னால் போய் நின்றான். தொண்டையைச் செருமினான். "தம்பிங்களா, நல்லா இருக்கீங்களா? நான் கலைமணி பேசறேன், முதுநகர்லேந்து."

மாடியே அதிர்ந்தது சிரிப்பில்.

அசல் அவர் குரல். மூச்சு வாங்கும் இடம், வார்த்தைக்கு நடுவே எச்சில் விழுங்குவது, "என்னா" என்பதில் வரும் இழுப்பு, எதையும் அவன் விடவில்லை. "ருவாத்தா போவ மாட்டான். ஏன்னா அவனுக்குத் தயிர்சாதம் புடிக்கும். எனக்கும் புடிக்கும். ஆனா வூட்டுக்காரி ஓசூர்ல. பால ஒற ஊத்துனா ஒரு ஆளுக்கு ஜாஸ்தியா போவுது, ஊத்தாட்டி தயிரு இல்ல. என்னா பண்றது தம்பிங்களா? சரி, ருவாத்தாவுக்கு வருவோம்!"

கடைசி வரியை எல்லாரும் சேர்ந்து கத்தினார்கள். ஒருவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "ரெண்டு மடங்கு ஸ்பீடுல போட்டாலும் முடியலப்பா" என்றாள் ரேகா. "நான் தொறக்கறதே இல்ல. ரேடியோ படத்த போட்டுட்டு தாண்டிப் போயிடுவேன்" என்றான் பக்கத்திலிருந்தவன்.

கலைமணியும் சிரித்தார். முதலில் அடக்க முடியாமல் வந்த சிரிப்புதான் அது, அவன் அவ்வளவு நன்றாகச் செய்தான். பிறகு சிரிப்பு நின்றும் வாயை மூட மறந்து உட்கார்ந்திருந்தார். அந்தத் தயிர் விஷயம் அவர் எப்போதோ ஒரு தடவை சொன்னது. சொன்னதே அவருக்கு நினைவில்லை. இந்தப் பையனுக்கு எப்படி நினைவிருக்கிறது? எழுந்து போய்விடலாமா என்று பார்த்தார். படிக்கட்டு முன்பக்கம் இருந்தது. எல்லாரையும் தாண்டித்தான் போகவேண்டும்.

ஆட்டம் தொடங்கியது. முதல் பாதியில் ருவாத்தா ஒரு தப்புச் செய்தான். பின்னால் வருகிறவனைப் பார்க்காமல் பந்தைக் கோல்கீப்பருக்குத் தள்ளினான். இடையில் புகுந்து எதிராளி கோல் போட்டுவிட்டான். இடைவேளையில் டீ வந்தது, கூடவே சண்டையும் வந்தது.

"மனசு கொல்கத்தாவுக்குப் போயிடுச்சு, காலு மட்டும் இங்க நிக்குது" என்றான் ஒருவன்.

"ஒரு தப்பு பண்ணா அதுக்கு இதுவா?" என்றாள் ரேகா. "நாலு வருஷமா தோத்த ஆட்டத்தையெல்லாம் இழுத்துப் புடிச்சான். அவனுக்கு ஒரே வருஷம் குடுத்தது கிளப்பு. அத யாரும் கேக்க மாட்டீங்க."

"நாலு வருஷம் சோறு போட்ட கிளப்பு. நன்றி கெட்டவன்" என்றான் ராஜ்கமல்.

"அப்பிடிச் சொல்லாத தம்பி."

சொன்னபிறகுதான் தான் சொன்னது கலைமணிக்கே தெரிந்தது. மாடி சட்டென்று அடங்கிவிட்டது. எல்லாத் தலைகளும் ஜன்னல் பக்கம் திரும்பின. மெஸ் ஆள் என்று நினைத்திருந்தவரின் வாயிலிருந்து அந்தக் குரல் வந்ததை அவர்களால் நம்ப முடியவில்லை.

இனி நிறுத்த முடியாது. தொடங்கியதை முடித்தார். "நன்றி கெட்டவன்லாம் இல்ல. வேலைக்கு வந்தவன். இன்னோர் எடத்துல கூப்புட்டா போவான். அவன் போவக்கூடாதுன்னுதான் எனக்கும் ஆசை. ஆனா அது என் ஆசைதான்."

அவ்வளவுதான் பேசினார்.

"கலைமணி அண்ணனா?" என்று சிலம்பரசன் எழுந்தான். முகம் வெளுத்திருந்தது. "அண்ணா… வந்ததும் சொல்லியிருக்கலாமே. நான் வேற ஃபேன போடச் சொல்லி…"

"பரவால்ல தம்பி. ஃபேன் ஓடுது இல்ல?"

ராஜ்கமல் டீ கிளாசைக் கீழே வைத்தான். யாரையும் பார்க்காமல் படியிறங்கிப் போய்விட்டான்.

அதற்கப்புறம் நடந்ததுதான் கலைமணிக்கு அதிகக் கஷ்டம். முன்வரிசையில் நடு நாற்காலியைக் காலி செய்து அவரை உட்காரவைத்தார்கள். ரேகா தட்டில் சமோசா வைத்துக் கொண்டுவந்து, "சாப்புடுங்க சார்" என்றாள். பக்கத்திலிருந்தவன் காலை மடக்கி ஒடுங்கிக்கொண்டான். இரண்டாம் பாதி முழுக்க யாரும் கத்தவில்லை. எதிரில் பெரியவர் ஒருவர் உட்கார்ந்துவிட்ட வகுப்பு மாதிரி ஆகிவிட்டது அந்த இடம். நம் டீம் கோல் போட்டுச் சமன் செய்தபோதுகூட, கைதட்டிவிட்டு எல்லாரும் அவர் முகத்தைத்தான் பார்த்தார்கள். அவர்கள் கேலி செய்தபோது அந்த அறையில் அவருக்கு ஒரு இடம் இருந்தது. இப்போது அதுவும் போய்விட்டது போல் அவருக்குத் தோன்றியது.

ஆட்டம் முடிந்ததும் ருவாத்தா மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். கேலரிகளைப் பார்த்துக் கைதட்டினான். கேப்டன் பட்டையைக் கழற்றிக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டான். "அவ்ளோதான், போறான்" என்று பின்னால் யாரோ மெதுவாகச் சொன்னார்கள். யாரும் மறுக்கவில்லை. கலைமணி எழுந்து எல்லாருக்கும் வணக்கம் வைத்துவிட்டு, "வரேன் தம்பிங்களா" என்றார். அந்தக் கடைசி வார்த்தையை விழுங்கியிருக்கலாமே என்று படியிறங்கும்போது நினைத்துக்கொண்டார்.

கீழே பைக்கின்மேல் உட்கார்ந்திருந்தான் ராஜ்கமல்.

"ஏறுங்கண்ணா. பஸ் ஸ்டாண்டுல விட்டுடறேன்."

"நடந்துடுவேன் தம்பி."

"ஏறுங்கண்ணா."

ஏறினார். வண்டி காந்தி சிலையைத் தாண்டிப் போயிற்று. பஸ் ஸ்டாண்டு வாசலில் வண்டியை நிறுத்தியும் அவன் திரும்பிப் பார்க்கவில்லை. முன்பக்கம் பார்த்தபடியே சொன்னான்.

"தப்பாயிடுச்சுண்ணா. நீங்க இருக்கறது தெரியாது."

"நல்லாத்தான் பண்ண. நானே சிரிச்சுட்டன்."

"சிரிச்சீங்களா?"

"தயிரு கதை நான் எப்பச் சொன்னன்? எனக்கே நெனவு இல்லப்பா."

"தை மாசம். பெங்களூர்காரன்கிட்ட தோத்த அன்னிக்கி." ராஜ்கமல் ஹேண்டில்பாரைத் தேய்த்துக்கொண்டிருந்தான். "முந்திரித் தோப்புல மருந்தடிக்கப் போவேண்ணா. காலைலேந்து ஒண்டி ஆளு. பாட்டு கேட்டு கேட்டு அலுத்துப்போச்சு. உங்களுதுதான் பெருசா இருக்கும். போட்டுக் காதுல மாட்டிக்குவேன். ஸ்பீடுல்லாம் வைக்கறதில்ல. அப்பிடிக் கேட்டு கேட்டுத்தான் அந்தக் குரலு வந்துச்சு."

கலைமணி அவன் தோளைத் தட்டிவிட்டு, நின்றுகொண்டிருந்த கடலூர் பஸ்ஸில் ஏறினார். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பக்கத்து சீட்டில் ஆள் இருந்தும் அவர் பேச்சுக் கொடுக்கவில்லை.

செய்தி அடுத்த வாரம் வந்தது. கலைமணி எடைமேடையில் இருந்தார். சுண்ணாம்பு ஏற்றிய லாரி ஒன்று மேடைமேல் ஏறிக்கொண்டிருந்தது. போன் விடாமல் துடித்தது. ருவாத்தா கொல்கத்தாவுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டான், மூன்று வருஷத்துக்கு. புது ஜெர்சியைக் கையில் பிடித்துக்கொண்டு சிரிக்கிற படம். குரூப்பில் அழுகையும் வசவும் மாறி மாறி விழுந்தன. ரேகா, "நல்லா இருக்கட்டும்" என்று மட்டும் எழுதியிருந்தாள். நடுவில் சிலம்பரசன், "கலைமணி அண்ணா, நீங்க என்ன சொல்றீங்க? பேசுங்க" என்று பெயர் போட்டுக் கேட்டிருந்தான்.

லாரி போனதும் மைக்கை அழுத்தினார். "தம்பிங்களா, நல்லா இருக்கீங்களா? நான் கலைமணி…"

நிறுத்திவிட்டார். அது அவர் பேசுகிற மாதிரி இல்லை. ராஜ்கமல் பேசுகிற மாதிரி இருந்தது. அழித்துவிட்டு மறுபடி தொடங்கினார். எச்சில் விழுங்கினார். விழுங்கியது தன் காதிலேயே விழுந்தது. அதையும் அழித்தார். தொண்டையைச் செருமாமல், இழுக்காமல், வேறு மாதிரி பேசிப் பார்த்தார். அது யாரோ டிவியில் செய்தி வாசிப்பது போலிருந்தது. இத்தனை வருஷம் இருந்த குரல் கூச்சம் வந்து எங்கோ பதுங்கிக்கொண்டது. கடைசியில் கட்டைவிரலால் எழுத்து எழுத்தாகத் தேடி, "போயிட்டான். சரி" என்று எழுதி அனுப்பினார். நிறையப் பேர் அதற்குக் கைகூப்பிய படம் போட்டார்கள். ரேடியோ ஒன்றுகூட வரவில்லை.

சாயங்காலம் வீட்டில் விளக்குப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தபோது புஷ்பவள்ளி கூப்பிட்டாள். சாப்பாடு என்ன, தண்ணி வந்ததா என்று வழக்கமாகக் கேட்பதைக் கேட்டாள். இவர் ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தையில் பதில் சொன்னார்.

"என்னாங்க, குரலு ஒரு மாதிரி இருக்குது? ஒடம்பு சரியில்லயா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல."

"அந்தப் பையன் என்னா ஆனான்? போறானா இருக்கறானா?"

அவளுக்கு அது தெரியும் என்பதே அவருக்கு ஆச்சரியம். அப்படியானால் "ம்" என்றபோதெல்லாம் அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

"போயிட்டான்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "வள்ளி, நீ எப்ப வர்ற?" என்றார்.

அந்தப் பக்கம் குழந்தை எங்கோ பொம்மையைத் தட்டுகிற ஒலி கேட்டது. அது அழப்போகிறது, அவள் வைத்துவிடப்போகிறாள் என்று காத்திருந்தார்.

"ரெண்டு வருஷமா இத ஏன் கேக்கல நீங்க?" என்றாள் புஷ்பவள்ளி.

"நீ பாவம், புள்ளயோட அல்லாடற. நான் வேற கேக்கணுமா?"

"இல்ல. ஒரு தடவ கேட்டிருக்கலாம். 'என்னா, மனுசன் வான்னே சொல்ல மாட்டேங்கறாரே'ன்னு நானும் நெனச்சுக்குவேன். நல்லாத்தான் இருக்காருபோல, பசங்களோட பேசிக்கினு, பந்து பார்த்துக்கினு, அப்பிடின்னு விட்டுட்டேன்."

அவர் போனை அடுத்த காதுக்கு மாற்றிக்கொண்டார். பிறகு அவள்தான் மெதுவாகச் சொன்னாள். வினோதினிக்கு மறுபடியும் நாள் தள்ளிப்போயிருக்கிறது. டாக்டரிடம் காட்டியாகிவிட்டது. இவரிடம் எப்படிச் சொல்வது என்று இருந்தாளாம்.

"நல்ல விஷயந்தான" என்றார் கலைமணி.

"நல்ல விஷயந்தான்" என்றாள் அவளும்.

ஆனி மாதம் புஷ்பவள்ளி பேரனோடு வந்தாள். ஒரு வாரம் இருந்தாள். சமையலறை டப்பாக்களை எல்லாம் கழுவி வெயிலில் கவிழ்த்தாள். பேரன் முதலில் தாத்தாவைக் கண்டால் அவள் புடவைக்குப் பின்னால் ஒளிந்தான், ஊருக்குப் போகிற அன்றுதான் மடிக்கு வந்தான். கலைமணி அந்த வாரம் முழுக்க லீவு போட்டிருந்தார். பேசுவதற்கு எவ்வளவோ இருக்கும் என்று நினைத்திருந்தார். பாதி நேரம் இருவரும் பேசாமலே உட்கார்ந்திருந்தார்கள். அதுவும் நன்றாகத்தான் இருந்தது. போகிறபோது, "மாசத்துக்கு ஒரு தடவ நீங்க வாங்க. வேற என்னா வேல உங்களுக்கு?" என்றாள். ஓசூர் பஸ் கிளம்பி வளைவில் திரும்பும் வரை நின்று பார்த்தார்.

இப்போது புது சீசன் தொடங்கிவிட்டது. ருவாத்தா நின்ற இடத்தில் பத்தொன்பது வயசுப் பையன் ஒருவனை நிறுத்தியிருக்கிறார்கள். குரூப்பில் அவனைப் பற்றிச் சண்டை தொடங்கியாயிற்று. கலைமணி எல்லாவற்றையும் கேட்கிறார், படிக்கிறார், எப்போதாவது இரண்டு வார்த்தை எழுதுகிறார். சில சமயம் தோப்பிலிருந்து ராஜ்கமல் போன் செய்வான். பேச்சு பெரும்பாலும் முந்திரியில் விழுந்திருக்கிற பூச்சியைப் பற்றியோ, பக்கத்துத் தோப்புக்காரனோடு வரப்புத் தகராறு பற்றியோதான் இருக்கும். கலைமணி "ம்" என்பார். போன வாரம் கலைமணி எடைமேடையில் இருந்தபோது அவன் கேட்டான்: "புதுப்பையன் தேறுவானாண்ணா?"

"தெரியலப்பா" என்றார். "நீ மருந்தடிச்சு முடிச்சிட்டியா?"

"இன்னும் ரெண்டு வரிசை இருக்குதுண்ணா."

"முடிச்சிட்டுப் போயி மொதல்ல குளி" என்றார் கலைமணி. அதற்குள் மேடையில் வண்டி ஏறிவிட்டது. போனை வைத்துவிட்டுச் சீட்டு அடித்து நீட்டினார்.